கணினிக்கு நினைவகம் கூட்டுமுன்

கணினி மெதுவாகிவிட்டால் உடனே புதிது வாங்க எல்லோராலும் முடியாது. ‘ராம்’ எனப்படும் நினைவகத்தைக் கூட்டினால் பழைய கணினியே இன்னும் சில ஆண்டு பிள்ளைகளின் படிப்புக்கு உதவும். ஆனால் எல்லையில் வாழும் நமக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்தார் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போகிறார்கள், மூணாற்றார் போடிமெட்டு இறங்கித் தேனிக்குப் போகிறார்கள், குமுளியார் கம்பத்துக்கு. வாங்கி வந்தது பொருந்தவில்லை என்றால் பஸ் காசும் போச்சு, ஒரு நாள் வேலையும் போச்சு. 2025 பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவையால் நினைவகத்தின் விலையும் ஏறியது. எனவே வீட்டிலேயே சிலவற்றைப் பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

1. குறை நினைவகத்தில்தானா? வழக்கமான வேலைகளைத் திறந்து வைத்துக்கொண்டு, விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ‘மெமரி’யைப் பாருங்கள். பாதிகூட நிறையவில்லை என்றால் நினைவகம் கூட்டிப் பெரிய பலன் இராது. பழைய ஹார்டு டிஸ்கை மாற்றி எஸ்எஸ்டி போடுவதே பயன் தரும். எத்தனை ஸ்லாட் உண்டு, எத்தனை நிரம்பியுள்ளது என்பதும் பெரும்பாலும் அங்கேயே தெரியும்.

2. எந்தத் தலைமுறை? டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவற்றில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. அடியில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், மின்னழுத்தமும் வேறு. முறையே 1.8, 1.5, 1.2, 1.1 வோல்ட். அழுத்தித் திணித்தால் ஸ்லாட்டுதான் உடையும். மடிக்கணினி அட்டை நீளம் குறைந்தது, மேசைக்கணினியில் சேராது. டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட்டிலும் இயங்குவது. அதை மட்டுமே ஏற்கும் மடிக்கணினியில் சாதாரண டிடிஆர்3 போட்டால் கிளம்பாமல் போகலாம். சில மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; அவற்றில் ஸ்லாட்டே இல்லையென்றால் கூட்டவே முடியாது.

3. எவ்வளவு ஏற்கும்? ஒவ்வொரு மதர்போர்டுக்கும் ஓர் உச்ச அளவு உண்டு. உதாரணமாக, ஒரு காலத்தில் நம்மூரில் நிறைய விற்ற இன்டெல் ஜி31 வகைப் பலகைகள் 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. வீட்டு உபயோகத்துக்கான 32 பிட் விண்டோஸும் 4 ஜிபியைத் தாண்டாது. பலகையின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. என்ன வேகம்? பழைய அட்டையின் ஒட்டுச்சீட்டில் ‘பிசி3-12800’ என்பதுபோல் எழுதியிருக்கும். 3 என்பது தலைமுறை. 12800ஐ 8ஆல் வகுத்தால் 1600, அதுதான் வேகம். இரண்டு அட்டைகளின் வேகம் மாறுபட்டால் பெரும்பாலும் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும். அதனால் அதே வேகத்தில் வாங்குவது உத்தமம்.

கடைக்காரர், “எல்லாம் ஒண்ணுதான் சார், கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க” என்று சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். பழைய அட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவதே என் யோசனை. குழாய்க்கு வாஷர் வாங்கப் போகிறவர் தேய்ந்த வாஷரை எடுத்துப்போவதில்லையா, அதுபோலத்தான். மின்சாரத்தைத் துண்டித்து, மடிக்கணினியானால் பேட்டரியையும் விலக்கி, உலோகம் ஒன்றைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தை நீக்கிவிட்டு, ஓரங்களைப் பிடித்தே எடுங்கள். பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைக் கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். மலை ஏறி வந்தபின் கேட்பதைவிட அங்கேயே கேட்பது எளிது.