மூக்கு சொல்லும் செய்தி

நமது அவயவங்களுள் மூக்கைப் போல் அவமதிப்புக்கு ஆளானது வேறொன்றுமில்லை. பிறர் காரியத்தில் தலையிடுகிறவனை 'மூக்கை நுழைக்கிறான்' என்கிறோம். தலை குனிந்து நிற்கிறவனை 'மூக்கறுபட்டான்' என்கிறோம். ஆயினும் மோட்டார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அதைவிட நல்ல மெக்கானிக் கிடைப்பது அரிது. அதுவும் கூலி கேளாத மெக்கானிக்!

திருத்தணிக்கு அருகே, ஆந்திர எல்லையை அடுத்துள்ள அம்மையார்குப்பம் நெசவுக்குப் பேர்போன ஊர். இத்தகைய ஊரில் ஒரு கார் என்ன பாடுபடும் என்பதை வாசகர்கள் எளிதில் ஊகிக்கலாம். இன்று கஞ்சி மணம் மாறாத புடவை மூட்டை. நாளை ஆடிக் கிருத்திகைக்குப் பால்குடமும் புஷ்பக் காவடியும். மறுநாள் மழையில் நனைந்த பிள்ளைகள். சில தினங்களில் வண்டிக்குள் ஏதோ நாற்றம் கிளம்புகிறது. உடனே நாம் ஒரு வாசனைப் புட்டியை வாங்கி மாட்டி விடுகிறோம். இது வயிற்று வலியால் அழும் குழந்தையின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நாற்றம் எப்போது வருகிறது?" என்பதே. நின்ற வண்டியிலும் வீசுமானால், குற்றம் பெரும்பாலும் உள்ளே சிந்திய பொருளுடையது. சிந்திய பால் விரிப்போடு நிற்பதில்லை. அதன் கீழுள்ள பஞ்சு வரையில் இறங்கிப் புளிக்கிறது. விரிப்பைத் தூக்கி, குளிர்ந்த நீரால் துடைத்து, சமையல் சோடாவைத் தூவி ஓர் இரவு வைத்திருந்து, பிறகு உறிஞ்சி எடுத்து வெயிலில் உலர்த்த வேண்டும். எஞ்சின் அறையில் எலி குடியேறியிருக்கிறதா என்றும் பார்ப்பது நலம். எலி செத்தால் நாற்றம் மட்டுமே. மின்கம்பியைக் கடித்தாலோ தீயே பற்றலாம்.

குளிர்சாதனத்தை முடுக்கியவுடன் ஈரத்துணி வாடை வந்தால், உள்ளிருக்கும் குளிர்ந்த தகட்டில் பூஞ்சை பிடித்திருக்கிறது. காற்று வடிகட்டியை மாற்றி, நீர் வடியும் குழாயின் அடைப்பையும் நீக்க வேண்டும். வீடு சேர்வதற்குச் சில நிமிஷம் முன்பே குளிரை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓட விட்டால் தகடு உலர்ந்து விடும்.

திருத்தணி மலைக்குப் படியேறுகிறவர்களுக்கு 365 படிகள். காருக்கோ வளைந்து செல்லும் பாதை. இறங்கும்போது கருகல் நாற்றம் வந்தால், இடைவிடாது மிதித்த பிரேக் சூடேறியிருக்கிறது. ஓரமாய் நிறுத்தி ஆற விடுங்கள். பிறகு தாழ்ந்த கியரிலேயே இறங்குங்கள். ஏறும்போது அவ்வாடை வந்தால் கிளச்சு தேய்கிறதென்று அறிக.

தித்திப்பான வாசனை வீசி, கண்ணாடியில் ஆவி படிந்தால் ஏமாந்து போகாதீர்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் கசிகிறது, அது விஷம். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது பேராபத்து.

அழுகிய முட்டை நாற்றத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, புகையைச் சுத்திகரிக்கும் மாற்றி கெட்டிருக்கலாம். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995-ஆம் வருஷம் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இக்கருவி கட்டாயமாயிற்று. மற்றொன்று, மிதமிஞ்சி மின்னேற்றப்பட்ட பாட்டரி. அது எளிதில் வெடிக்கும் வாயுவையும் வெளியிடும். ஆகையால் அங்கே கற்பூரமோ ஊதுவத்தியோ கொளுத்தலாகாது. பெட்ரோல் நாற்றத்துக்கும் இதே விதிதான். எஞ்சினை நிறுத்தி, எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

நாற்றமே இல்லாத சத்துருதான் எல்லாவற்றிலும் கொடியது. 1937-ஆம் வருஷம் மார்ச்சு 18-ஆம் தேதி, அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து நியூ லண்டன் என்ற ஊரில், மணமற்ற எரிவாயு கசிந்து ஒரு பள்ளிக்கூடம் வெடித்தது. ஏறக்குறைய முந்நூறு பேர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டனர். அதன் பின்னரே எரிவாயுவுக்கு வேண்டுமென்றே துர்நாற்றம் ஊட்டும் சட்டம் அங்கே பிறந்தது. நம் வீட்டுச் சமையல் வாயுவின் நாற்றமும் இவ்வாறு சேர்க்கப்பட்டதே.

கார் கக்கும் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு அவ்விதம் மணம் ஊட்ட வழியில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாக அது இரத்தத்தைப் பற்றிக் கொள்கிறது. ஆகவே, வண்டிக்குள் புகைவாடை லேசாகத் தட்டினாலும், அதனுடன் இந்த மௌனக் கொலைகாரனும் நுழைந்திருக்கிறான் என்று கொள்ள வேண்டும். திருவிழா இரவுகளில் எஞ்சினை ஓட விட்டு, கண்ணாடியை மூடிக் குளிரில் உறங்குவது தகாது. மூடிய கொட்டகையிலோ ஒருபோதும் கூடாது. உள்ளிருப்போர் பலருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் கண்டால், உடனே கதவுகளைத் திறந்து வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-க்குச் சொல்லி வைத்தியரிடம் சேர்க்க வேண்டும்.

வாசனைப் புட்டி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நாற்றத்தின் காரணத்தைக் கண்டு நீக்கிய பிறகு தாராளமாய் மாட்டிக் கொள்ளலாம். அதற்கு முன் மாட்டினால், வீட்டைக் காக்கும் நாய் குரைக்கிறதே என்று அதன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கப் போன கதையாகத்தான் முடியும்.