வேட்டைக் கூடாரம் முதல் வனவிடுதி வரை

'சபாரி' என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது, சட்டையும் காற்சட்டையும் ஒரே துணியில் தைத்த உடைதான். உண்மையில் அச்சொல் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழிக்கு உரியது. 'பயணம்' என்பதே அதன் பொருள். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் அது வேட்டைப் பயணத்தைக் குறிக்கலாயிற்று. இன்றோ, காட்டு விலங்குகளைக் கொல்லாமல் கண்டு களிக்கும் பயணத்தையே பெரும்பாலும் குறிக்கிறது. இம்மாற்றத்தின் விளைவே ஆப்பிரிக்கப் புதர்க்காடுகளின் நடுவே எழுந்துள்ள சொகுசு வனவிடுதிகள். இயற்கைக்கு ஊறு செய்யாதவை என்று பெயர் பெற்றுள்ள இவ்விடுதிகள் எவ்வாறு இயங்குகின்றன? அப்பெயருக்கு அவை தகுதி உடையனவா? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு

அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், பதவிக்காலம் முடிந்ததும் 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குச் சென்றார். அருங்காட்சியகத்துக்காக என்று கூறி, அவரும் அவர் மகன் கெர்மிட்டும் சுட்ட விலங்குகள் மட்டும் 512. இக்கணக்கை எழுதி வைத்தவரும் அவரே! அக்காலத்தில் கூடாரம் என்பது வேட்டைக்காரர் இரவு தங்கும் இடம், அவ்வளவே.

1932இல் கென்யாவின் அபர்டேர் மலைக்காட்டில், ஒரு பெரிய மரத்தின்மேல் 'ட்ரீடாப்ஸ்' என்னும் சிறு விடுதி கட்டப்பட்டது. கீழே நீர் அருந்த வரும் விலங்குகளை மேலிருந்து பார்ப்பதே அங்கு வருவோரின் நோக்கம். 1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் அங்கே தங்கியிருந்தபோதுதான் அவர் தந்தை இங்கிலாந்தின் சாண்ட்ரிங்காம் மாளிகையில் காலமானார். இளவரசியாக மரம் ஏறியவர் அரசியாக இறங்கினார் என்பர். 1977இல் கென்யா வேட்டையையே தடை செய்தது. துப்பாக்கியின் இடத்தைக் கேமரா பிடித்துக்கொண்டது.

விடுதியில் ஒரு நாள்

இத்தகைய விடுதியில் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு அறைகளுக்கு மேல் இரா. பல இடங்களில் அறை என்பது கித்தான் துணியால் ஆன பெரிய கூடாரமே. ஆனால் உள்ளே கட்டில், மெத்தை, வெந்நீர், குளியலறை என எல்லா வசதிகளும் உண்டு. பல விடுதிகளுக்குச் சுற்றுவேலி கிடையாது. ஆதலால் இருட்டியபின் விருந்தினர் தனியே நடக்கக்கூடாது. காவலர் ஒருவர் விளக்குடன் வந்து கூடாரம்வரை கொண்டுபோய் விடுவார்.

விடியுமுன் எழுப்பிவிடுவார்கள். தேநீர் அருந்தியதும் திறந்த வண்டியில் புறப்பாடு. விலங்குகள் குளிர்ந்த வேளையில்தான் நடமாடும். வெயில் ஏறியபின் சிங்கமும் நிழல் தேடிப் படுத்துவிடும். எனவே முற்பகலில் திரும்பி உணவும் ஓய்வும். மாலையில் மீண்டும் பயணம். இரவில் தீ மூட்டி அதைச் சுற்றி அமர்ந்து உரையாடல். வண்டியில் எழுந்து நிற்பதும் கூச்சலிடுவதும் கூடா. வண்டியையும் அதிலிருப்போரையும் ஒரே உருவமாகக் கண்டு பழகிய சிங்கம், ஒருவர் எழுந்து நின்றால் மிரளவோ சினக்கவோ கூடும்.

இயற்கைக்கு இசைந்த ஏற்பாடுகள்

நல்ல விடுதிகள் மண்ணில் அடித்தளம் தோண்டுவதைக் கூடியமட்டும் தவிர்க்கின்றன. கால்கள் நாட்டி, அவற்றின்மேல் பலகைத் தளம் அமைத்துக் கூடாரம் போடுகின்றனர். நாளை அதைப் பிரித்து எடுத்துவிட்டால் புல் மீண்டும் முளைக்கும். மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. பகலில் சேமித்தது இரவுக்கு உதவுகிறது. குளிக்கும் வெந்நீரையும் கதிரவனே காய்ச்சித் தருகிறான். குடிநீரை அங்கேயே வடிகட்டித் தருவதால் பிளாஸ்டிக் புட்டிகள் குறைகின்றன. கழிவுநீர் தூய்மை செய்யப்பட்ட பிறகே மண்ணுக்குப் போகிறது. எச்சில் உணவைப் பூட்டி வைக்கிறார்கள். மனித உணவின் ருசி கண்ட குரங்கும் கழுதைப்புலியும் பிறகு கூடாரத்தை விட்டு அகலா.

இத்தனைக்கும் செலவு மிகுதி. உப்பு முதல் ஆணி வரை நெடுந்தொலைவிலிருந்து வரவேண்டும். விருந்தினரோ சிலரே. ஆகவே ஒருவர் ஓர் இரவு தங்கப் பல நூறு டாலர் ஆகும். சில இடங்களில் ஆயிரத்தையும் தாண்டும். போட்ஸ்வானா நாடு, ஒகவாங்கோ ஆற்றின் கழிமுகச் சதுப்பில் இம்முறையை அரசின் கொள்கையாகவே மேற்கொண்டது. ஆயிரம்பேர் வந்து மிதிப்பதைவிடப் பத்துப்பேர் வந்து மிகுதியாகக் கொடுப்பது காட்டுக்கு நல்லது என்பதே அதன் கருத்து.

காடு யாருக்கு?

சூரியத் தகடும் பலகைத் தளமும் இருந்துவிட்டால் போதுமா? அந்நிலத்தில் வழிவழியாக வாழும் மக்கள் நிலை என்ன? தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்காவுக்காக, அங்கு மாடு மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்கள் 1959இல் வெளியேற்றப்பட்டனர். வரிக்குதிரையோடு ஒரே புல்வெளியில் வாழ்ந்தவர்களுக்கு அப்புல்வெளியின் கதவு அடைக்கப்பட்டது. அயலார் வந்து மகிழும் விடுதி அவர்களுக்கு என்ன தரும்?

இதற்கு நமீபியா நாடு ஒரு விடை கண்டது. விடுதலைக்கு முன் அங்கே சொந்தப் பண்ணை வைத்திருந்த வெள்ளையருக்குத் தம் நிலத்து விலங்குகளால் பயன்பெறும் உரிமை இருந்தது. பொதுநிலத்தில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு அவ்வுரிமை இல்லை. யானை வந்து நீர்த்தொட்டியை உடைத்தால் இழப்பு மட்டும் அவர்களுடையது. 1990இல் நாடு விடுதலை பெற்றது. 1996இல் வந்த சட்டம், எல்லை வகுத்துக் குழு அமைத்துப் பதிவு செய்துகொள்ளும் மக்களுக்கும் அவ்வுரிமையை அளித்தது. 1998இல் முதல் நான்கு குழுக்கள் பதிவாயின. இன்று 80க்கும் மேற்பட்டவை உள்ளன.

முதல் நான்கில் ஒன்று டோரா. அங்கு வாழ்வோரில் ஒரு பகுதியினர், தென்னாப்பிரிக்க நிறவெறி அரசால் 1970களில் ரீம்வாஸ்மாக் என்னும் ஊரிலிருந்து பெயர்த்து எறியப்பட்டவர்கள். அந்த வறண்ட மண்ணில் தமாராலாந்து முகாம் என்னும் விடுதி 1996இல் ஒரு நிறுவனத்துடன் கூட்டாகத் தொடங்கப்பட்டது. வருவாயில் ஒரு பங்கு மக்கள் குழுவுக்குச் செல்கிறது. வேலையிலும் உள்ளூராருக்கே முதலிடம். வேலியற்ற வெளியில் கறுப்புக் காண்டாமிருகம் திரியும் நாடு அது. அதைச் சுட்டு விற்பதைவிட உயிருடன் காப்பதால் ஊருக்கு நன்மை என்ற நிலை பிறந்தது. சொந்த ஊரை இழந்தவர்களே ஒரு காட்டின் காவலர் ஆயினர்! கென்யாவில் மாசாய் மக்களே சொந்தமாக நடத்தும் இல் நிக்வேசி விடுதியும் 1996இல் தொடங்கியதே.

குறைகளும் உண்டு

குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. கடல் கடந்து விமானத்தில் வரும் விருந்தினர், வழியில் எரிக்கும் எரிபொருளைச் சூரியத் தகடு ஈடு செய்யாது. மேலும், வெளிநாட்டாரையே நம்பிய வருவாய் நிலையற்றது. 2020இல் கொரோனா நோய் பரவி விமானங்கள் நின்றபோது விடுதிகள் மூடின. காட்டுக் காவலர்களின் ஊதியமே கேள்விக்குறியாயிற்று. எனினும் சிங்கமும் யானையும் அன்றும் ஊரருகே உலவத்தான் செய்தன. ஆட்டைப் பறிகொடுத்தவனுக்கு இழப்பு இழப்புதான்.

ஆகவே ஒரு வனவிடுதியின் தரத்தை அறிய, அதன் கூரைமேல் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தல் போதாது. அதன் கணக்கேட்டில் அண்டை ஊரின் பெயர் இருக்கிறதா, நிருவாகக் குழுவில் அவ்வூரார்க்கு இடம் இருக்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும். காட்டின் சுமையைத் தாங்குவோர்க்கே காட்டின் பயனில் முதற்பங்கு. இவ்வறம் நிலைபெறும் இடத்தில் காடு தானே காக்கப்படும்.