முகம் கழுவியதும் தோல் ஏன் இழுத்துப் பிடிக்கிறது?

சோப்புப் போட்டு முகம் கழுவி, துடைத்த சற்று நேரத்தில் சிரித்துப் பாருங்கள். கன்னம் இழுக்கிறதா? நன்றாகச் சுத்தமாகிவிட்டதன் அடையாளம் என்றே பலரும் அதை நினைக்கிறோம்.

தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவராக எண்ணிக்கொள்ளுங்கள். இறந்து தட்டையான செல்கள்தாம் செங்கற்கள். இடையிலுள்ள சாந்து, தோல் தானே தயாரிக்கும் கொழுப்பு. உடம்பின் ஈரம் வெளியேறாமல் காப்பது அதுதான். பல வரிசை அடுக்கியும் முகத்தில் இந்தச் சுவர் ஒரு காகிதத்தைவிட மெல்லியது!

அழுக்கு எண்ணெய் எது, சாந்து எது என்று சோப்புக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே அரிக்கும். போதாததற்கு, தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, சோப்போ காரம். தோல் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் விரிசல் வழியே ஈரம் ஆவியாகி, மேலடுக்கு சுருங்குகிறது. இழுப்பது அதனால்தான்.

உடனே ஸ்கிரப், டோனர், சீரம் என்று அடுக்குகிறோம். சாந்து உதிர்ந்த சுவரில் அவற்றின் வாசனைப் பொருட்கள் எளிதாக நுழையும். சிலருக்கு அரிப்பு, சிவப்பு. அதற்கும் ஒரு கிரீம் வாங்குவோம்!

இவ்வளவு தேவையே இல்லை. தொந்தரவு செய்யாமல் விட்டால், தோல் தன் சாந்தைத் தானே பூசிக்கொள்ளும். பெரும்பாலோருக்கு மென்மையான ஃபேஸ் வாஷ், ஈரம் காயும்முன் மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன் போதும். புதிதாக ஏதாவது வாங்கினால், முதலில் முன்கையின் உட்புறத்தில் சில நாள் தடவிப் பாருங்கள்.