மலையில் பச்சை எங்கே இருக்கிறது?

மம்சாபுரத்தில் மேற்கே திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலைதான். செண்பகத்தோப்பில் தொடங்கி ராஜபாளையம் அய்யனார் கோயில் பக்கம் வரை நீண்டு கிடக்கும். 2021இல் புலிகள் காப்பகமாக அறிவித்த காடு. என்னிடம் வரையப் பழக வரும் பிள்ளைகளை இந்த மலையை வரையச் சொன்னால், கை நேராகப் பச்சை ட்யூபுக்குத்தான் போகும். வெளியே வந்து பாருங்கடா என்பேன். அடிவாரத்து மாந்தோப்பும் தென்னையும் பச்சைதான். முதல் சரிவில் பாதிப் பச்சை போய்விடும். கடைசி முகடு வானத்தைவிட ஒரு நூல் அழுத்தமான நீலம், அவ்வளவே. நடுவில் உள்ள காற்று நீல ஒளியைச் சிதறடிக்கிறது. தூரம் கூடக்கூட மரத்தின் நிறம் மங்கி, காற்றின் நிறமே மிஞ்சுகிறது.

நான் போர்டு ஆர்ட்டிஸ்ட். ஃப்ளெக்ஸ் வருமுன் கடைப் பலகை, சுவர் விளம்பரம், போட்டோ ஸ்டுடியோவுக்குச் சீனரி என்று பிழைப்பு ஓடியது. அந்தச் சீனரிகளில் மலை என்றால் பனிமலை. எல்லாம் காலண்டரைப் பார்த்து வந்த பழக்கம். காலண்டர் ஓவியத்துக்குப் பேர்போன கோவில்பட்டி கொண்டையராஜுவே (1898–1976) நாடகத் திரை வரைந்தவர்தான். கைலாயத்துக்குப் பனி பொருந்தும்; ராஜபாளையத்துக் கல்யாண ஜோடிக்குப் பின்னால் எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்டதில்லை.

இப்போது கையில் இருப்பது அக்ரிலிக். தண்ணீரில் கலக்கும் ஓவிய அக்ரிலிக்கை 1955இல் அமெரிக்காவின் ஹென்றி லெவிசன் விற்பனைக்குக் கொண்டுவந்தார். தண்ணீர் ஆவியானதும் உள்ளே இருக்கும் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாது. மலைக்கு இது வரப்பிரசாதம். முகடுகளைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகத் தீட்டிக் காயவிட்டு, வெள்ளையில் துளி அல்ட்ராமரைன் நீலம் சேர்த்து, நிறையத் தண்ணீர் விட்டு மேலே ஒரு பூச்சு இழுத்தால் மூட்டம் வந்துவிடும். போஸ்டர் கலரில் இதைச் செய்தால் அடிவண்ணம் கிளம்பிச் சேறாகும்.

தொல்லையும் உண்டு. சித்திரை வெயிலில் தட்டிலேயே வண்ணம் தோல் கட்டும். ஈரத்துணி விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டுக் கலப்பேன். பக்கத்தில் ஒரு ஸ்ப்ரேயர் இருக்கும். இன்னொன்று: ஈரத்தில் பிசின் பால் நிறம், காய்ந்தால் தெளிந்துவிடும். அதனால் காய்ந்த வண்ணம் சற்று அழுத்தமாகத் தெரியும். நீலம் நினைத்ததைவிட ஒரு படி வெளிறி இருக்கும்போதே நிறுத்த வேண்டும்.

மலையின் மடிப்புகளை வரைய வேண்டுமானால் காலை நேரம்தான். கிழக்கு வெயில் சாய்வாக முகத்தில் விழும்போது ஒவ்வொரு ஓடையும் தனித்தனியாகத் தெரியும். சாயங்காலம் சூரியன் பின்னால் போய்விட்டால் மொத்த மலையும் ஒரே பாளம்.

மலைக்கு அடுத்து நான் வரைவது பாலைவனம். அதற்கு ராஜஸ்தான் போக வேண்டாம். திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரி இருக்கிறது. கண்ணுக்கு எட்டும் தூரம் செம்மணல் மேடு, பனை, உடைமரம். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, வறண்டு இறங்கி, அடிவாரத்துச் செம்மண்ணைக் கடற்கரைவரை வாரிக்கொண்டுபோய்க் குவித்தது என்பது மண்ணியலார் சொல்லும் விளக்கம். அப்படிப் பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கத்து மழையும் இந்தப் பக்கத்துத் தேரியும் ஒரே காற்றின் வேலை.

அந்த மணலுக்குச் சிவப்பு கொடுப்பது இரும்பு ஆக்சைடு. நான் பிதுக்கும் ரெட் ஆக்சைடும் அதே சரக்குதான். முதலில் கேன்வாஸ் முழுக்க அதைப் பூசிவிடுவேன். வெயில் படும் இடத்துக்கு வெள்ளை சேர்த்தால் மணல் ரோஸ் பவுடர் ஆகிவிடும். எல்லோ ஓக்கரும் கொஞ்சம் ஆரஞ்சும் போதும். பனை நிழலுக்குக் கறுப்பைத் தொடவே கூடாது. நிழலுக்குள் வானத்து வெளிச்சம் விழுவதால் அது ஊதா கலந்திருக்கும்: அதே ரெட் ஆக்சைடில் அல்ட்ராமரைன். மணலில் காற்று போட்ட வரிகளை முன்பகுதியில் மட்டும், உலர்ந்த பிரஷ்ஷால் லேசாக இழுக்க வேண்டும். தூரத்து மேட்டிலும் வரி போட்டால் மேடு முன்னால் வந்து நிற்கும்.

விற்பதுதான் கஷ்டம். மலைப் படத்துக்கு அருவியும் மானும் கேட்பார்கள். தேரிப் படத்தைப் பார்த்த ஒருவர், “அண்ணாச்சி, ராஜஸ்தானா?” என்றார். திருச்செந்தூர் என்றேன். நம்பாமல் பார்த்துவிட்டு, ஓரத்தில் ஒரு ஒட்டகம் போட்டுக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். பனை வேண்டுமானால் இன்னும் ரெண்டு போட்டுத் தருகிறேன் என்றேன்.