ஆல்பர்ட் என்னும் பெயர்



நம் சபைகளில் ஆல்பர்ட் என்ற பெயரைப் பல தலைமுறைகளாகக் கேட்டு வருகிறோம். ஆயினும் இது வேதாகமப் பெயர் அன்று. பழைய ஜெர்மானிய மக்களிடமிருந்து வந்த பெயர்.

இரண்டு சொற்களை இணைத்துப் பெயர் அமைப்பது அம்மக்களின் வழக்கம். ‘அதல்’ என்றால் உயர்குடி. ‘பெரஹ்ட்’ என்றால் ஒளியுள்ள. இரண்டும் சேர்ந்து அதல்பெர்ட் ஆயிற்று. பின்பு அல்பிரெக்ட் என்றும் ஆல்பர்ட் என்றும் குறுகிற்று. ராபர்ட், ஹெர்பர்ட், கில்பர்ட் ஆகிய பெயர்களின் இறுதியிலும் இதே ‘ஒளி’ இருக்கிறது.

ஆகவே, இது முதலில் பிறப்பின் உயர்வைச் சொன்ன பெயர். கி.பி. 597-இல் அகஸ்டின் குழுவினரை வரவேற்ற கெண்ட் நாட்டு அரசர் எதல்பெர்ட்டின் பெயரும் இதன் பழைய ஆங்கில வடிவமே. அவருக்கு முன்பே கிறிஸ்தவராயிருந்த அரசி பெர்த்தாவின் பெயரிலும் அதே ஒளிதான். பிராக் நகரின் பிஷப் அதல்பெர்ட்டும் பிரபு குலத்தவர். திடப்படுத்தலின்போது இப்பெயரை ஏற்ற அவர், 997-இல் பிரஷ்யரிடையே நற்செய்தி அறிவிக்கச் சென்று கொல்லப்பட்டார்.

காலப்போக்கில் பெயர் அரண்மனையை விட்டு இறங்கி வந்தது. ஜெபிக்கும் கரங்களை 1508-இல் வரைந்த அல்பிரெக்ட் டியூரர் ஒரு பொற்கொல்லரின் மகன். இங்கிலாந்திலோ, ஜெர்மானிய இளவரசர் ஆல்பர்ட் 1840-இல் விக்டோரியா மகாராணியை மணந்த பின்புதான் இப்பெயர் பெருகியது. தொழிலாளர் வீடுகளில்கூடப் பிள்ளைகளுக்கு அதைச் சூட்டினார்கள். ‘பெர்ட்’ என்று செல்லமாக அழைத்தார்கள். ஆனால் ஆல்பர்ட் என்ற பெயரில் அங்கு எவரும் அரசாளவில்லை. ஞானஸ்நானத்தில் அதை முதற்பெயராகப் பெற்ற இருவர் அரியணை ஏறினர். ஒருவர் 1901-இல் ஏழாம் எட்வர்ட் ஆனார். மற்றவர் 1936-இல் ஆறாம் ஜார்ஜ் ஆனார்.

நமக்கு நெருக்கமான ஆல்பர்ட் ஒருவரும் உண்டு. அல்சாஸ் பகுதியில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்த ஆல்பர்ட் ஷ்வைட்சர், வேதசாஸ்திர ஆசிரியராயிருந்தவர். பின்பு மருத்துவம் பயின்று, 1913-இல் ஆப்பிரிக்காவின் லம்பரேனேயில் மருத்துவமனை தொடங்கினார். 1952-ஆம் ஆண்டுக்கான நோபல் சமாதானப் பரிசுத் தொகையைத் தொழுநோயாளிகளின் குடியிருப்புக்குச் செலவிட்டார்.

உங்கள் வீட்டிலும் ஓர் ஆல்பர்ட் இருக்கலாம். குலப் பெருமைக்காகப் பிறந்த பெயர், ஏழை நோயாளிகளின் நடுவே எப்படி ஒளி பெற்றது என்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள்.