ஜலதோஷமும் வீட்டுச் சிகிச்சையும்

மழைக்காலத்தில் வீடுதோறும் காணப்படும் ஜலதோஷம் மழையில் நனைவதால் மாத்திரம் உண்டாவதன்று. கண்ணுக்குப் புலனாகாத வைரஸ் என்னும் நுண்கிருமிகளே அதற்குக் காரணம். நோயாளியின் தும்மலாலும், மூக்கைத் துடைத்த கையாலும் அது பிறருக்குப் பரவுகிறது. ஆதலின் அடிக்கடி சோப்பிட்டுக் கை கழுவுதல் அவசியம்.

இந்நோய் பெரும்பாலும் 7 முதல் 10 தினங்களுக்குள் தானே நீங்கும். ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் வைரஸைக் கொல்லமாட்டா. அவற்றிற்குச் செலவிடும் பணம் வீணேயாகும்.

ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளித்தால் தொண்டை வலி தணியும். சுக்குக் கஷாயம், மிளகு ரசம், கஞ்சி முதலியன சுகந்தரும். படுக்குமுன் ஒரு தேக்கரண்டி தேன் இருமலைக் குறைக்கும்; ஆயின் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது. சிறுவரை வேது பிடிக்கச் செய்தலும் ஆகாது; கொதிநீர் கவிழ்ந்து உடல் வெந்துபோதல் உண்டு.

குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் மூச்சைக் கவனித்தல் வேண்டும். குழந்தை அழாதிருக்கும்போது ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணுக. 2 மாதம் நிரம்பாத சிசுவுக்கு 60, அதன்மேல் ஒரு வயதுவரை 50, பின்னர் 5 வயதுவரை 40 என்னும் அளவை எட்டினாலும், மூச்சிழுக்கையில் மார்பின் கீழ்ப்பாகம் உள்வாங்கினாலும், பால் குடிக்க மாட்டாதிருந்தாலும், அது நிமோனியாவாயிருக்கலாம். அப்போது கஷாயத்தை நம்பிக் காலங்கடத்தாது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவ்வெண்களைத் தம் இல்லத்தாருக்கு எடுத்துரைப்பாராக.