காகிதங்கள் சொன்ன சாட்சி

கொடுமை புரிந்தோர் முதலில் அழிக்க விரும்புவது அதன் தடயத்தையே. ஆட்சி மாறும் வேளையில் அரசுத் தாள்கள் தீக்கிரையாவது பல நாடுகள் கண்ட காட்சி. பிரேசில் நாட்டில் அவ்வழிவை முன்னரே உணர்ந்து, உண்மையைக் காத்த சிலரின் பணி நம் குடும்பங்கள் அறியத்தக்கது.

1964 முதல் 1985 வரை அந்நாடு இராணுவ ஆட்சியின் பிடியில் இருந்தது. ஆட்சியின் எதிரிகள் என ஐயுறப்பட்ட மாணவரும் தொழிலாளரும் துறவியரும் சிறைப்பட்டனர், வதைக்கப்பட்டனர். இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது அவர்களுள் பலர் தாம் பட்ட துன்பத்தைத் துணிந்து எடுத்துரைத்தனர். அச்சொற்கள் வழக்குக் கட்டுகளில் பதிவாயின. இவ்வாறு ஆட்சியாளரின் சொந்த ஆவணங்களிலேயே அவர்களுக்கு எதிரான சாட்சியம் குவிந்தது.

1979-இல் பொதுமன்னிப்புச் சட்டம் பிறந்தது. கைதிகளுக்காக மனுச் செய்யும் வழக்கறிஞர்கள், தலைநகர் பிரசிலியாவின் உயர் இராணுவ நீதிமன்றத்திலிருந்து வழக்குக் கட்டுகளை 24 மணி நேரம் வெளியே எடுத்துச் செல்ல இயன்றது. அச்சிறு வாயிலே போதுமானதாயிற்று. சாவோ பாவ்லோ பேராயர் கர்தினால் பவுலோ எவாரிஸ்தோ ஆர்ன்ஸ் அவர்களும், பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகர் ஜெய்மே ரைட் அவர்களும் இப்பணிக்கு அரணாக நின்றனர். போதகரின் உடன்பிறந்தார் பவுலோ ரைட் 1973-இல் பிடிபட்டுக் காணாமற் போனவர். ஜெனீவாவிலுள்ள உலகத் திருச்சபைகள் மன்றம் பொருளுதவி செய்தது. வாடகைக்கு எடுத்த பொறிகளில் நகலெடுத்து, கட்டுகளை உரிய நேரத்தில் திருப்பித் தந்தனர். 700-க்கு மேற்பட்ட வழக்குகள். ஏறத்தாழ பத்து இலட்சம் பக்கங்கள்! எவரும் ஐயுறாதபடி ஆண்டுக்கணக்கில் இவ்வேலை நடந்தது.

நகல்கள் ஓரிடத்திலேயே இருந்தால் ஒரே சோதனையில் பறிபோகுமன்றோ? ஆகவே அவற்றை நுண்படச் சுருள்களாக்கி வெளிநாட்டிற்கு அனுப்பினர். அவற்றின் சாரம் 1985 ஜூலையில் 'பிரேசில்: இனி ஒருபோதும் வேண்டாம்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக வெளிவந்து, நாடெங்கும் பரவியது.

2011-இல் சுருள்கள் தாயகம் திரும்பின. பக்கங்கள் கணினிப் படங்களாக மாற்றப்பட்டு, 2013 ஆகஸ்டில் இணையத்தில் அனைவருக்கும் திறக்கப்பட்டன. முன்பு நூலகம் தேடிச் சென்று சுருளைச் சுழற்றிப் பார்த்ததை, இப்போது வீட்டிலிருந்தே தேடிப் படிக்க வழி பிறந்தது. ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. வலி தாளாமல் சொன்ன பொய் வாக்குமூலங்களும் அக்கட்டுகளில் உண்டு. பிறர்மேல் பழி சுமத்தும் வரிகளைப் படிப்போர், அவை எவ்வாறு பெறப்பட்டன என்பதை மறத்தலாகாது.

1979-இன் சட்டம் வதைத்தோருக்கும் கேடயமாயிற்று. தண்டனை கிட்டாத நிலையில், நடந்ததை நடந்ததென்று ஏற்கச் செய்ய இந்த ஆவணங்கள் துணை நின்றன. 2012 முதல் 2014 வரை பணியாற்றிய தேசிய உண்மை ஆணையமும் இவற்றைப் பயன்படுத்தியது.

மன்னிப்பு உயர்ந்ததே. ஆனால் எதை மன்னிக்கிறோம் என்பதை அறியாமல் மன்னிக்க முடியுமா? ஆபேலின் இரத்தத்தைப்போல இத்தாள்களும் குரல் கொடுக்கின்றன. அக்குரலுக்குச் செவிசாய்ப்பது, துன்புற்றோருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.